கேட்டால் விரலைத் தூக்கவும்

வெள்ளிக்கிழமை கடலூரில் ஒரு படம்.
ஞாயிறு புதுச்சேரியில் ஒரு பாட்டு நாடகம்.
இரண்டுக்கும் அமலோற்பவம்தான் டிக்கெட் எடுத்தாள்,
இரண்டிலும் அழுதாள்.
நான் முதலாவதில் கோபப்பட்டேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன்:
மஞ்சக்குப்பத்தில், சுவரெல்லாம் பஞ்சு வைத்த சின்ன அறையில்
ஆட்களை உட்காரவைத்து, கதவைச் சாத்தி,
கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து
பொட்டுப் பொட்டாய்ச் சத்தம் அனுப்புவது.
கேட்டால் விரலைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான்.
பதினோரு வருஷமாய்
தூக்காத விரல்களையே அதிகம் பார்த்திருக்கிறேன்.

படத்தில் காது கேளாத ஒரு குழந்தை.
நாயகன் கடன்பட்டுக் கருவி வாங்கி வருகிறான்.
(கடன் கொடுத்தவனை அடிப்பது தனிச் சண்டை.)
மாட்டியதும்
நாற்பது வயலின், ஒரு புல்லாங்குழல்,
மெல்ல விரியும் தாமரை.
குழந்தை சிரிக்கிறது.
முதல் நிமிஷத்திலேயே ‘அப்பா’ என்கிறது,
அதுவும் ஒற்றுப் பிசகாமல்.

தாமரைக்கு அங்கே என்ன வேலை?
நான் மாட்டிவிட்ட பிள்ளைகள் அலறியிருக்கிறார்கள்.
மின்விசிறிக்கு, கசங்கும் பிளாஸ்டிக் பைக்கு,
தன் அழுகை தனக்கே கேட்டு மிரண்டு
இன்னும் பெரிதாய்.
திருப்பாதிரிப்புலியூர்க்காரி ஒருத்தி, நாலு வயசு,
கருவியைப் பிடுங்கி அம்மாவின் கைப்பையில் போட்டு
ஜிப்பை இழுத்து மூடினாள்.
அதை எடுத்திருக்கலாம்.

நியாயமாய்ச் சொன்னால் ஓரிடம் பிடித்தது.
கடற்கரையில் அக்கா கை தட்டுகிறாள்.
தங்கை திரும்பவில்லை.
தூரத்தில் ஒரு நாய் திரும்புகிறது.
இதை எடுத்தவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.
பிறகு ஏன் தாமரை?

நாடகம், மூடிப்போன நூற்பாலை ஒன்றைப் பற்றி.
தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள், கல்லூரிப் பெண்கள்,
கீபோர்டில் ஒரு பையன், மூலையில் பறை.
குறை சொல்லத் தொடங்கினால் நிறைய:
இரவு ஷிஃப்ட் முடித்தவர்களின் சட்டையில்
இஸ்திரி மடிப்பு கலையவில்லை.
காதல் பாட்டில் எதுகைக்காக
நிலாவை மூன்று முறை கூப்பிட்டார்கள்.
தலைவர் பாத்திரம் துண்டுப் பிரசுரம் போலப் பேசியது.
இரண்டாம் பாதியில் என் பின்னால் இருந்தவர்
குறட்டை விட்டார், சுருதி சுத்தமாய்.

ஆனால் தறிக்கூடக் காட்சி.
பதினான்கு பேர் மரத்தரையில் காலை உதைக்கிறார்கள்.
விடாமல், பல் கூசும்படி, நாற்காலி நடுங்கும்படி.
நடுவில் இரண்டு பெண்கள்
உதடுகளால் மட்டும் பேசிக்கொள்கிறார்கள்.
அரங்கில் யாருக்கும் ஒரு சொல் கேட்கவில்லை.
யாருக்கோ குழந்தை தங்கவில்லை என்பது மட்டும்
எல்லோருக்கும் புரிந்தது.

எனக்கு அந்தச் சத்தத்தைத் தெரியும்,
வேறு பக்கத்திலிருந்து.
வயதான ஆலைக்காரர்கள் வருவார்கள்.
வரைபடத்தில் கோடு ஒழுங்காய்ப் போய்
நாலாயிரம் ஹெர்ட்ஸில் குழியில் விழும்.
‘கூப்பிட்டா திரும்பறதில்ல’ என்பாள் கூட வந்தவள்,
ஏதோ திமிர் என்பது போல.
அந்தக் குழிக்குள் இப்படிப் பேசியிருக்கிறார்கள்
என்பதை மேடை சொல்லித்தான் அறிந்தேன்.

உதைப்பது சட்டென்று நின்றது.
இருட்டில் ஒருத்தி, மைக் இல்லாமல்,
ஆலைச் சங்கை முனகினாள்.
அடிக்குரலில், மூச்சுக்கும் கொஞ்சம் கீழே.
அடுத்த நொடி அமலோற்பவம் என்னை இடித்தாள்:
‘எதுக்குடி கைய தூக்கற?’
பார்த்தால்
என் வலது ஆட்காட்டி விரல்
தானாக மேலே நின்றது.

திரும்பும் பேருந்தில் சண்டை.
‘உனக்குக் காது கூடிப்போச்சு.
தாமர நல்லாத்தான் இருந்துச்சு.
கேக்காத பிள்ளைக்குக் கேட்டா
ஒரு பூவாவது பூக்கட்டுமே’ என்றாள்.
அரியாங்குப்பம் பாலம்வரை பதில் யோசித்தேன்.
யோசித்தது கிடைத்தபோது
ஓட்டுநர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.
அதற்குள் அவள் வேறெதையோ சொல்லிக்கொண்டிருந்தாள்.
உதட்டைப் பார்த்துப் படித்தேன்:
ஜன்னலை மூடு, தூசி.